நழுவிய பந்து

அமெரிக்கர்கள் எதையும் தாராளமாகச் செய்கிறவர்கள் என்று சொல்வார்கள். ஆனால் உலகத்தின் எல்லையை வகுக்கும் விஷயத்தில் மட்டும் அவர்கள் கொஞ்சம் சிக்கனம் காட்டியிருக்கிறார்கள். பேஸ்பால் என்ற அவர்களுடைய தேசீய ஆட்டத்தில், வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் இரண்டு கோஷ்டிகள் கடைசிப் பந்தயத் தொடர் ஆடுகின்றன. அதற்கு 'வேர்ல்ட் சீரீஸ்', அதாவது உலகத் தொடர் என்று பெயர். எந்த உலகம் என்று கேட்காதீர்கள். நியூயார்க், பாஸ்டன், சிக்காகோ, பிட்ஸ்பர்க் என்று இப்படிச் சில ஊர்கள், அவ்வளவுதான். கனடாவிலிருந்து டொரான்டோ கோஷ்டி வந்து 1992-லும் 1993-லும் வெற்றியைத் தட்டிக்கொண்டு போனபோதுதான் அந்த உலகம் ஒரு தேசத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டிற்று.

இருக்கட்டும், பெயரைப் பற்றி வழக்காடுவது என் நோக்கமல்ல. இந்தத் தொடரின் சரித்திரத்தைப் படிக்கப் புகுந்த எனக்கு வேறொரு விஷயம் மனத்தைப் பிடித்துக்கொண்டது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அந்தச் சரித்திரத்தில் பல ஆட்டக்காரர்களுடைய வாழ்க்கை முழுவதும் ஒரே ஒரு பந்தில் சுருங்கிப் போயிருக்கிறது. இருபது வருஷம் ஆடினவனையும் ஜனங்கள் ஒரு நிமிஷத்தைக் கொண்டே எடை போட்டு, அந்தச் சீட்டை அவன் கழுத்தில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவன் இதைக் கண்டுகொள்ளாமல் போக முடியுமா?

தொடர் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேஷனல் லீக் என்பது மூத்தது, 1876-ல் ஏற்பட்டது. அமெரிக்கன் லீக் 1901-ல் பெரிய லீக் என்ற அந்தஸ்தோடு கிளம்பி, மூத்தவரின் ஆட்டக்காரர்களை அதிகச் சம்பளம் காட்டி இழுக்க ஆரம்பித்தது. பங்காளிச் சண்டைதான். 1903-ல் சமாதானம் ஏற்பட்டவுடன், பிட்ஸ்பர்க் கோஷ்டியின் சொந்தக்காரர் பார்னி டிரைபஸ் பாஸ்டன்காரர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒன்பது ஆட்டம், ஐந்து ஜயித்தவர் வெற்றி. இளையவரான பாஸ்டன் கோஷ்டி 5-3 என்று ஜயித்துவிட்டது. மூத்தவர்களுக்கு முகம் வாடிற்று. மறு வருஷம் நேஷனல் லீகில் முதலாவதாக வந்த நியூயார்க் ஜயன்ட்ஸ், அமெரிக்கன் லீக்காரர்களோடு ஆடுவது தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்று மறுத்துவிட்டது. ஆகவே 1904-ல் தொடர் இல்லை. ஊரெல்லாம் ஏசவே, 1905-ல் ஒழுங்கான விதிகளோடு மீண்டும் ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு நின்றது ஒரே தடவைதான்: 1994-ல், ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால். இரண்டு மகா யுத்தங்களாலும் நிறுத்த முடியாததைச் சம்பளத் தகராறு நிறுத்திவிட்டது!

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் பேஸ்பாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்தில் சதுரமாக நான்கு மூலைகள். மட்டைக்காரன் பந்தை அடித்துவிட்டு மூலை மூலையாக ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். அந்த இடத்துக்கு 'வீடு' என்று பெயர். வீடு திரும்பினால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த கோஷ்டியின் முறை. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். சமமாக இருந்தால் பத்து, பதினொன்று என்று நீளும்.

கிரிக்கெட்டில் இல்லாத ஒன்று பேஸ்பாலில் இருக்கிறது. நம் கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்தில் காட்ச் விட்டவனுடைய பெயருக்கு இடமே கிடையாது. யார் பிடித்தார் என்று எழுதுவார்கள். யார் விட்டார் என்று எழுதமாட்டார்கள். பேஸ்பால் பலகையிலோ மூன்று கட்டங்கள்: ரன், ஹிட், மூன்றாவது 'தவறு'. சாதாரணத் திறமையுள்ளவன் பிடித்திருக்க வேண்டிய பந்தை ஒருவன் விட்டுவிட்டால், கணக்கெழுதுகிறவர் யோசித்துத் தீர்ப்புச் சொல்லுவார். அவன் பெயருக்கு நேரே தவறு என்று ஏறிவிடும். சித்திரகுப்தன் வேலைதான். ஆனால் சித்திரகுப்தன் புண்ணியத்தையும் பாவத்தையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பான் என்று நமக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. பேஸ்பால் ரஸிகனிடம் அந்த நம்பிக்கை வைக்க முடியாது.

1912-ஆம் வருஷத் தொடரைப் பாருங்கள். நியூயார்க் ஜயன்ட்ஸும் பாஸ்டன் ரெட் ஸாக்ஸும் மோதின. விதிப்படி ஏழு ஆட்டம். மின்சார விளக்கு இல்லாத காலமாகையால் இரண்டாவது ஆட்டம் பதினோரு இன்னிங்ஸ் ஆடியும் 6-6 என்று சமமாகவே இருந்து, இருட்டிவிட்டபடியால் முடிவில்லாமல் நின்றது. ஆளுக்கு மூன்று ஜயித்து, எட்டாவது ஆட்டத்துக்கு வந்தார்கள். இடம், அந்த வருஷந்தான் திறந்திருந்த பாஸ்டன் பென்வே மைதானம். தேதி அக்டோபர் 16.

ஜயன்ட்ஸ் சார்பில் பந்து எறிந்தவர் கிறிஸ்டி மாத்யூஸன். 1905 தொடரில் மூன்று ஆட்டங்களில் எதிரிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் எறிந்த மகான். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தது, 1-1. பத்தாவதில் ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர் மெர்கிள் ஒரு பந்தை அடிக்க, மர்ரே என்பவர் ஓடி வீடு சேர்ந்தார். 2-1.

இங்கே மெர்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1908-ல் இதே ஜயன்ட்ஸ் கோஷ்டியில் அவர் 19 வயதுப் பையன். செப்டம்பர் மாதம் சிக்காகோ கப்ஸ் கோஷ்டியோடு நடந்த ஆட்டத்தில், வெற்றி ரன் வந்துவிட்டது என்று ஜனக்கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. பையன் இரண்டாவது மூலையைத் தொடாமலே திரும்பி ஓடிவிட்டான். சிக்காகோக்காரர்கள் பந்தோடு அந்த மூலையில் நின்று, 'அவன் அவுட்' என்று வாதாடினார்கள். வாதம் ஜயித்தது. ஆட்டம் சமம் என்று தீர்ந்து, பிறகு மறுபடி ஆடினபோது ஜயன்ட்ஸ் தோற்றது. உலகத் தொடருக்குப் போனது சிக்காகோ, ஜயித்ததும் சிக்காகோ. அதற்கடுத்த வெற்றி சிக்காகோ கப்ஸுக்கு 2016-ல்தான் கிடைத்தது. 108 வருஷம்! மெர்கிளுக்குக் கிடைத்ததோ 'மரமண்டை' என்ற பட்டம்.

அந்த மெர்கிள்தான் இப்போது, நான்கு வருஷம் கழித்து, உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் வெற்றி ரன்னை அடித்து நிற்கிறார். இன்னும் மூன்று பேர் அவுட்டாக வேண்டும், பட்டம் அழிந்துவிடும். நான் கதை எழுதியிருந்தால் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன். விதி அவ்வளவு இளகின மனசுடைய எழுத்தாளர் அல்ல.

பாஸ்டன் சார்பில் எங்கிள் என்பவர் வந்து பந்தை ஆகாயத்தில் தூக்கினார். மைய மைதானத்தில் நின்றவர் பிரெட் ஸ்னாட்கிராஸ். சுலபமான காட்ச். பந்து கையுறையில் விழுந்தது. நழுவித் தரையில் விழுந்தது. எங்கிள் இரண்டாவது மூலைக்குப் போய்விட்டார். அடுத்தவர் ஹூப்பர் வெகு தூரம் அடித்தார். அதே ஸ்னாட்கிராஸ் ஓடோடிப் போய், யாராலும் பிடிக்க முடியாது என்று தோன்றிய அந்தப் பந்தைப் பிடித்துவிட்டார். ஒருவர் அவுட். இதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? பிறகு, குறி பிசகாமல் எறிவதற்குப் பேர்போன மாத்யூஸன் நான்கு பந்துகளைத் தவறாக எறிந்து யெர்க்ஸ் என்பவரைச் சும்மாவே முதல் மூலைக்கு அனுப்பினார். அடுத்தவர் டிரிஸ் ஸ்பீக்கர். அவர் அடித்த பந்து முதல் மூலைக்குப் பக்கத்தில், எல்லைக்கு வெளியே ஆகாயத்தில் எழும்பியது. மெர்கிள், மாத்யூஸன், காட்ச் பிடிக்கும் மையர்ஸ், மூன்று பேரில் யாரும் பிடிக்கலாம். மூன்று பேர் நடுவில் அது தரையில் விழுந்தது. யார் கையிலும் படாததால் 'தவறு' கட்டத்தில் அதற்கு இடமில்லை! பிழைத்துக்கொண்ட ஸ்பீக்கர் அடுத்தாற்போல் அடித்து ஆட்டத்தைச் சமமாக்கினார். கார்ட்னர் என்பவர் தொடரை முடித்து வைத்தார். பாஸ்டன் 3-2.

ஆக, மாத்யூஸன் தடுமாறியிருக்கிறார், மூன்று பேர் ஒரு பந்தைக் கோட்டை விட்டிருக்கிறார்கள், எதிரிகள் நன்றாக அடித்திருக்கிறார்கள். ஆனால் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது ஸ்னாட்கிராஸின் கையை. ஜயித்த கோஷ்டிக்கும் தோற்ற கோஷ்டிக்கும் கிடைத்த பணத்தில் சுமார் 30,000 டாலர் வித்தியாசம். 'முப்பதாயிரம் டாலர் நழுவல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோஷ்டியின் நிர்வாகி ஜான் மக்ரா, முன்கோபத்துக்கும் வசவுக்கும் பெயரெடுத்தவர், ஸ்னாட்கிராஸைக் குறை கூறவில்லை. மறு வருஷம் சம்பளத்தை உயர்த்தினார். ஆட்டம் தெரிந்தவர் அவர்.

ஸ்னாட்கிராஸ் பிறகு கலிபோர்னியாவுக்குத் திரும்பி, வியாபாரம், விவசாயம் எல்லாம் செய்து, ஆக்ஸ்னார்டு என்ற ஊரின் மேயராகவும் இருந்தார். லாரன்ஸ் ரிட்டர் என்பவர் பழைய ஆட்டக்காரர்களை ஊர் ஊராகத் தேடிப் போய், அவர்கள் பேச்சைப் பதிவு செய்து 1966-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் கிழவர் ஸ்னாட்கிராஸும் பேசுகிறார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் பந்தைப் பற்றித்தான் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1974 ஏப்ரலில், 86-ஆவது வயதில் அவர் காலமானார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை மரணச் செய்திக்குக் கொடுத்த தலைப்பில் அவருடைய பெயர் இருந்தது, வயது இருந்தது, அதற்கப்புறம் 1912-ல் பந்தை நழுவ விட்டவர் என்பது இருந்தது. மேயர் பதவிக்குத் தலைப்பில் இடம் கிடைக்கவில்லை. குற்றம் ஆட்டத்தின்மேல் இல்லை. கதை சொல்கிறவர்கள் மேல்தான். பத்து நிமிஷத்தில் பதினைந்து பேர் செய்த காரியத்தை ஓர் ஆளின் தலையில் ஏற்றினால் கதை கச்சிதமாக அமைகிறது. சொல்லச் சுலபம், கேட்கவும் சுகம்.

வேண்டுமென்றே தவறு செய்தவர்கள் கதை வேறு. 1919-ல் சிக்காகோ ஒயிட் ஸாக்ஸ் கோஷ்டி ஸின்ஸினாட்டி ரெட்ஸிடம் தோற்றது. சூதாடிகளிடம் பணம் வாங்கித் தோற்றார்கள் என்பது மறு வருஷம் வெளிப்பட்டது. முதல் ஆட்டத்தில் முதல் மட்டைக்காரனின் உடம்பில் ஸிக்காட் என்ற பந்தாளர் பந்தை எறிந்தார். ஏற்பாடு நடக்கிறது என்பதற்கு அது அடையாளம். எட்டுப் பேர்மேல் வழக்கு. 1921 ஆகஸ்டில் ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள். ஆனால் பேஸ்பாலுக்குத் தலைவராக வந்திருந்த நீதிபதி லாண்டிஸ், மறுநாளே எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை விதித்தார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அவர்களில் பெரிய ஆட்டக்காரரான ஜோ ஜாக்ஸன் அந்தத் தொடரில் 32 தடவையில் 12 ஹிட் அடித்திருக்கிறார். தவறு கட்டத்தில் அவருக்கு நேரே பூஜ்யம். ஆனால் 5,000 டாலர் வாங்கியதை அவரே விசாரணையில் ஒப்புக்கொண்டார். பந்தை நழுவ விட்ட யோக்கியனின் பெயருக்கு நேரே தவறு ஏறியிருக்கிறது. பணம் வாங்கியவனின் கட்டமோ வெள்ளையாக இருக்கிறது. கணக்குப் புத்தகத்தை எவ்வளவுதான் நம்புவது! பக் வீவர் என்பவரின் கதி இன்னும் பரிதாபம். அவர் காசு வாங்கவில்லை, நன்றாகவே ஆடினார். சதி தெரிந்தும் வாய் திறக்காததுதான் அவர் குற்றம். மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி மனுப் போட்டுப் போட்டுப் பலிக்காமலே 1956 ஜனவரியில் இறந்தார். இறந்தவர்களுக்குத் தடை இல்லை என்று பேஸ்பால் தலைமை தீர்மானித்தது 2025 மே மாதத்தில். ஜாக்ஸன் இறந்து அதற்குள் 73 வருஷம் கடந்திருந்தது.

வீவர் இறந்த அதே 1956-ல், ஒரே நாளில் அமரத்துவம் அடைந்த ஒருவரும் உண்டு. டான் லார்ஸன். பந்தாளர்களில் அவர் ஒன்றும் பிரமாதமானவர் அல்ல. 1954-ல் 3 ஆட்டம் ஜயித்து 21 ஆட்டம் தோற்றவர். மொத்த வாழ்க்கையிலும் ஜயித்தது 81, தோற்றது 91. அந்த வருஷத் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் சார்பில் இரண்டாவது ஆட்டத்தில் எறிய வந்து, ஆறு ரன் முன்னிலையைக்கூடக் காக்க முடியாமல் இரண்டாவது இன்னிங்ஸிலேயே வெளியேற்றப்பட்டார். ஐந்தாவது ஆட்டத்தன்று காலையில் வந்து பார்த்தால் அவருடைய பாதரட்சைக்குள் ஒரு பந்து இருந்தது. இன்றைக்கும் நீதான் எறிய வேண்டும் என்பதற்கு அந்தக் கோஷ்டியில் அதுதான் உத்தரவு!

அக்டோபர் 8-ஆம் தேதி, 64,519 பேர் பார்த்திருக்க, புரூக்ளின் டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர்கள் 27 பேர் வரிசையாக வந்தார்கள். 27 பேரும் வரிசையாகத் திரும்பினார்கள். ஒருவராவது முதல் மூலையை எட்டவில்லை. 97 பந்துகளில் முடிந்துவிட்டது. நடுவில் ஒரு வேடிக்கை. இப்படி ஒரு அதிசயம் நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றிப் பேசினால் கலைந்துவிடும் என்று ஆட்டக்காரர்களுக்கு நம்பிக்கை. லார்ஸன் மெதுவாக மிக்கி மாண்டிலிடம் பேச்சுக் கொடுத்தார். மாண்டில் வாய் திறவாமல் எழுந்து அப்பால் போய்விட்டார். கண்ணேறுக்குப் பயப்படுவது நாம் மட்டும் அல்ல என்று எனக்கு ஒரு திருப்தி.

உலகத் தொடரில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ஆட்டம் நடந்ததில்லை. 2022-ல் ஹூஸ்டன் கோஷ்டி எதிரிக்கு ஒரு ஹிட்டும் கொடுக்காமல் ஜயித்தது உண்மை. அதற்கு நான்கு பந்தாளர்கள் வேண்டியிருந்தது. 2020 ஜனவரி முதல் தேதி லார்ஸன் இறந்தபோது 91 தோல்விகளை யார் நினைத்தார்கள்? அன்று அணிந்திருந்த உடையை அவர் 2012-ல் பேரப்பிள்ளைகளின் படிப்புக்காக ஏலம் விட்டார். 7,56,000 டாலருக்குப் போயிற்று. ஸ்னாட்கிராஸுக்கு இழைத்த அநியாயமும் இதுவும் ஒரே தராசில் நிறுத்தவைதான். ஒன்றில் தட்டு கீழே போயிற்று, ஒன்றில் மேலே போயிற்று.

இரண்டாவது சந்தர்ப்பம் கிடைத்தவர் ரால்ப் டெர்ரி. 1960 தொடரின் ஏழாவது ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸில் 9-9 என்று இருக்கும்போது அவர் எறிந்த பந்தைப் பிட்ஸ்பர்க்கின் பில் மாஸரோஸ்கி சுவருக்கு அப்பால் அடித்துத் தொடரை முடித்தார். அந்தத் தொடர் முழுவதிலும் யாங்கீஸ் அடித்தது 55 ரன், பிட்ஸ்பர்க் 27; இருந்தும் தோற்றது யாங்கீஸ். டெர்ரியின் பெயர் ஸ்னாட்கிராஸ் பக்கத்தில் எழுதப்பட்டுவிட்டது என்றே தோன்றியது. 1962-ல் மறுபடியும் ஏழாவது ஆட்டம், மறுபடியும் டெர்ரி. எதிரே ஜயன்ட்ஸ், நியூயார்க்கை விட்டு ஸான்பிரான்ஸிஸ்கோவுக்குக் குடி பெயர்ந்திருந்த அதே ஜயன்ட்ஸ். யாங்கீஸ் 1-0. கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். ஆனால் இரண்டாவது, மூன்றாவது மூலைகளில் ஆள் நிற்கிறார்கள். மட்டையோடு வருகிறவர் பூதாகாரமான மக்கோவி. நிர்வாகி ஹூக் மைதானத்துக்குள் வந்து, இவருக்கு எறிகிறாயா, வேண்டுமென்றே முதல் மூலைக்கு அனுப்பிவிடலாமா என்று டெர்ரியையே கேட்டார். டெர்ரி எறிவதாகச் சொன்னார். மக்கோவி அடித்த அடி மின்னல்போல் பாய்ந்தது. நேரே ரிச்சர்ட்ஸன் கைக்குள். இரண்டடி தள்ளிப் போயிருந்தால் டெர்ரியின் கதி என்ன? அன்றைத் தேதி அக்டோபர் 16. ஸ்னாட்கிராஸின் பந்து நழுவிச் சரியாக ஐம்பது வருஷம்.

டெர்ரிக்குக் கிடைத்தது பில் பக்னருக்குக் கிடைக்கவில்லை. 1918-க்குப் பிறகு பாஸ்டன் ரெட் ஸாக்ஸ் ஜயிக்கவே இல்லை. பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்ற சாபம் என்று ஊரில் பேச்சு. 1986-ல் நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக 3-2 என்று முன்னிலையில் நின்று ஆறாவது ஆட்டம் ஆடினார்கள். பத்தாவது இன்னிங்ஸில் 5-3. இரண்டு பேர் அவுட். மூலைகளில் ஆள் இல்லை. இன்னும் ஒரே ஒரு விக்கெட் என்பார்களே, அந்த நிலை. அதற்கப்புறம் மூன்று பேர் வரிசையாக ஹிட் அடித்தார்கள். ஸ்டான்லி என்ற பந்தாளர் எறிந்த பந்து காட்ச் பிடிப்பவரைத் தாண்டி ஓடியது. 5-5. இவ்வளவும் ஆன பிறகுதான் மூக்கி வில்ஸன் அடித்த பந்து தரையோடு தரையாக உருண்டு, முதல் மூலையில் நின்ற பக்னரின் கால்களுக்கு நடுவே புகுந்து போயிற்று.

பக்னருக்கு 36 வயது. கணுக்கால்கள் கெட்டு, நொண்டியபடி ஆடிக்கொண்டிருந்தார். அந்தத் தொடரில் முன்னிலையில் இருக்கும்போது கடைசி நேரத்தில் அவருக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்துவது வழக்கம், அன்று நிறுத்தவில்லை. ஆட்டம் ஏற்கெனவே சமமாகிவிட்டிருந்தது. மறுபடி ஏழாவது ஆட்டம் இருந்தது. அதில் பாஸ்டன் 3-0 என்று முன்னிலை வகித்துவிட்டு 8-5 என்று தோற்றது. இவ்வளவையும் எடுத்துச் சொன்னாலும் பாஸ்டன் ரஸிகனின் காதில் ஏறவில்லை. 22 வருஷம் ஆடி, 2,715 ஹிட் அடித்தவர். பயமுறுத்தல்கள் வந்தன. குழந்தைகள் காதில் கேலி விழுந்தது. மனிதர் குடும்பத்தோடு தொலைதூரத்தில் ஐடஹோ மாகாணத்துக்குப் போய்விட்டார். அந்தப் பந்து மட்டும் 1992-ல் 93,500 டாலருக்கு ஏலம் போயிற்று. 2019 மே மாதத்தில் அவர் இறந்தபோது பத்திரிகைகள் எதை முதலில் எழுதின என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் இருந்தது. 2004-ல் பாஸ்டன் ஜயித்துச் சாபம் தீர்ந்தது. 2007-ல் மறுபடியும் ஜயித்தது. 2008 ஏப்ரல் 8-ஆம் தேதி, பென்வே மைதானத்தில் அந்த வருஷத்தின் முதல் ஆட்டத்துக்குச் சம்பிரதாயமாக முதல் பந்து எறிய ஒருவரை அழைத்திருந்தார்கள். இடது பக்கத்துப் பெரிய பச்சைச் சுவரிலிருந்து 58 வயதுப் பக்னர் தனியாக நடந்து வந்தார். ஜனங்கள் எழுந்து நின்றார்கள். கைதட்டல் நிமிஷக் கணக்கில் ஓயவில்லை. அவர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் துடைத்துக்கொண்டார். எதிரே பழைய கூட்டாளி ட்வைட் எவன்ஸ் கையுறையை நீட்டி நின்றார். பக்னர் பந்தை எறிந்தார்.